"இது தலைப்பு, கேள்வி எங்கே?" என்கிறார் சார். போர் தண்ணீர் ஃபுளூரைடு ப்ராஜெக்ட்டுக்கு வழி சொல்லுங்கள்

கேழ்வரகு (பாப்பாரப்பட்டி பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முதல் வருடம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஒரு சின்ன ப்ராஜெக்ட் உண்டு. நாமே ஒரு ஆய்வுக் கேள்வி எழுதி, அதற்குக் குறைந்தது ஐந்து ஆதாரங்களைத் தேடிப் படித்து, முடிந்தால் லேபில் ஏதாவது செய்தும் பார்த்து, பன்னிரண்டு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும்.

நான் "தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளூரைடு" என்று எழுதிக் கொடுத்தேன். சார் பார்த்துவிட்டு "இது தலைப்பு, கேள்வி எங்கே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் "நிலத்தடி நீரில் ஃபுளூரைடு ஏன் அதிகம்?" என்று எழுதிக்கொண்டு போனேன். "இதற்குப் பெரிய பெரிய ஆட்கள் புத்தகமே எழுதியிருக்கிறார்கள், இதில் நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இந்த விஷயத்தை விட மனசில்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் முன்பற்களில், ஃபுளூரைடு அதிகமானால் வருமே அந்தப் பழுப்புக் கோடு இருக்கிறது, எங்கள் தெருவில் அந்த வயதுக்காரர்கள் பாதிப்பேருக்கு உண்டு. தம்பிக்கு இல்லை. பாட்டிக்கு முட்டி மடக்க முடியாது, அதுவும் தண்ணீரால்தான் என்று வீட்டில் சொல்வார்கள். இதைப் படிக்கத்தான் வேதியியலே எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆதாரங்கள் கதை இன்னும் மோசம். யூடியூபில் ஒருவர் புளி போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போய்விடும் என்கிறார், ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்களாம். ஆர்.ஓ. விற்கும் கம்பெனிப் பக்கம் ஒன்றில் அளவு லிட்டருக்கு 1 மி.கி. தாண்டினாலே ஆபத்து என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் 1.5 வரை சரி என்கிறார்கள். ஏஐயிடம் கேட்டதில் அழகாக ஐந்து கட்டுரை கொடுத்தது, அதில் இரண்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இதில் எதை நம்புவது? கால்சியம் ஃபுளூரைடின் கரைதிறன் பெருக்கம்கூட (தண்ணீரில் அது எவ்வளவு கரையும் என்று கணக்கிட உதவும் எண்) ஒரு புத்தகத்தில் 5.3 × 10⁻⁹, இன்னொன்றில் 3.5 × 10⁻¹¹. அச்சுப் புத்தகமே இப்படி என்றால் நான் எங்கே போவேன்?

பர்கூர் வாத்தியார்:

கண்ணு, உங்கள் சார் நல்ல வாத்தியார். இரண்டு தடவை திருப்பிக் கொடுத்ததற்குக் கோபப்படாதே.

தலைப்புக்கும் கேள்விக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால் நான் வகுப்பில் ஒன்றுதான் சொல்வேன். கேள்வி என்றால் அதற்கு "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ "இவ்வளவு" என்றோ ஒரு பதில் வர வேண்டும், அந்தப் பதில் என்னவாக இருக்கும் என்று உனக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது, ஆனால் எதைச் செய்தால் தெரியும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். "தருமபுரியில் ஃபுளூரைடு" என்பதற்கு எந்தப் பதிலும் கிடையாது. "ஏன் அதிகம்" என்பதற்குப் பதில் உண்டு, ஆனால் அதற்கு உன்னிடம் இருக்கிற பியூரெட் போதாது.

அதனால் முதலில் லேபுக்குப் போய் என்ன இருக்கிறது என்று பார். இ.டி.டி.ஏ. கரைசல் இருக்கும், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி இருக்கும், கடினத்தன்மை தரம்பார்த்தல் எல்லாக் கல்லூரியிலும் செய்கிறார்கள். அதாவது தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை உன் கையாலேயே அளக்கலாம். இப்போது யோசி, கால்சியத்துக்கும் ஃபுளூரைடுக்கும் என்ன உறவு? இரண்டும் சேர்ந்தால் எளிதில் கரையாத கால்சியம் ஃபுளூரைடு. நம் பக்கத்துப் பாறை கிரானைட், நைஸ், சார்னோக்கைட் வகை. அதில் இருக்கும் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட், ஃபுளூரைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு தண்ணீருக்கு வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஓரளவுக்கு மேல் ஃபுளூரைடு கரைந்து நிற்க முடியாது. பைகார்பனேட் அதிகமாகி, கால்சியம் சுக்காங்கல்லாகப் படிந்து போய்விட்ட காரத் தண்ணீரில் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

இதிலிருந்தே உன் கேள்வி வரும்: "எங்கள் ஊர் போர் தண்ணீர்களில் கால்சியம் குறைவான இடத்தில் ஃபுளூரைடு கூடுதலாக இருக்கிறதா?" ஊர் இருக்கிறது, அளக்க இரண்டு பொருள் இருக்கிறது, பதில் ஆமாம் இல்லை என்று எப்படியும் வரலாம். "இல்லை" என்று வந்தாலும் ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்தான், அதையும் தைரியமாக எழுது.

ஒன்றை மறக்காதே. எரியோகுரோம் பிளாக் டி வைத்து பி.எச். 10-ல் செய்தால் வருவது மொத்தக் கடினத்தன்மை, அதில் மெக்னீசியமும் சேர்ந்திருக்கும். உனக்குக் கால்சியம் மட்டும் வேண்டும் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச்.-ஐ 12-க்கு மேல் கொண்டுபோய் (மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக விழுந்துவிடும்) மியூரெக்சைடு நிறங்காட்டியில் செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் மொத்தக் கடினத்தன்மையையே கால்சியம் என்று எழுதிய ப்ராஜெக்ட்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

ஃபுளூரைடு வருஷா வருஷம் எல்லாரும் செய்கிறார்கள் தங்கச்சி. மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதைப் பற்றிச் செய்யலாமே, கிருஷ்ணகிரியில் சீசன் வந்தால் மண்டியிலேயே சாம்பிள் கிடைக்கும், புதுசாகவும் இருக்கும்.

பர்கூர் வாத்தியார்:

மாந்தோப்பு தம்பி, நல்ல விஷயம்தான், ஆனால் முதல் வருடப் பிள்ளைக்கு வேண்டாம். கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும், ஈரம் பட்டால் அசெட்டிலீனோடு பாஸ்பீனும் வரும். பழத்தில் அதன் சுவடு எவ்வளவு என்று அளக்க இந்த லேபில் கருவியும் கிடையாது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது ஒரு குறையே இல்லை, அவள் தெருவில் இருக்கும் பத்து போரை இதுவரை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

ஓசூர் ஆய்வு மாணவி:

நான் பிஎச்.டி. செய்கிறேன், நீர் வேதியியல்தான். ஆதாரங்கள் பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

புளியிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நம் ஊர் புளி ஊர், இதை நம்ப எல்லாருக்கும் ஆசை இருக்கும். அந்த வீடியோக்காரர் சொன்ன "ஆய்வு" எது என்று தேடிப் போ. 2002-ல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று கிடைக்கும். பள்ளிச் சிறுவர்களுக்கு உணவோடு நாளுக்கு 10 கிராம் புளி, 18 நாள் கொடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறும் ஃபுளூரைடு கூடியது. மொத்தமே இருபது பேருக்குள்தான். இன்னொரு பக்கம் புளியங்கொட்டைத் தூளை வைத்துத் தண்ணீரிலிருந்து ஃபுளூரைடை ஈர்த்தெடுக்கும் ஆய்வகச் சோதனைகள் தனியாக இருக்கின்றன. முதலாவது சாப்பிட்ட புளி உடம்பில் என்ன செய்தது என்பது, இரண்டாவது கொட்டைத் தூள் குடுவைக்குள் என்ன செய்தது என்பது. வீடியோவில் இரண்டும் கலந்து "புளி போட்டுக் கொதிக்க வை" என்று ஆகிவிட்டது. உண்மையில் கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர்தான் ஆவியாகும், மிச்சத்தில் ஃபுளூரைடு இன்னும் அடர்த்தியாகத்தான் இருக்கும். யாரும் அங்கே வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் சுருக்கி, அதை இன்னொருவர் சுருக்கி வந்திருக்கிறது. அதனால் எதைப் படித்தாலும் "இதை முதலில் அளந்தவர் யார், எதில் அளந்தார், எத்தனை முறை" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போ, அளந்தவர் கையெழுத்து இருக்கும் இடத்தில் நில்.

1-ஆ 1.5-ஆ என்பதில் இரண்டுமே சரி. இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மி.கி. என்றும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. ஆர்.ஓ. விற்பவர் 1-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு "ஆபத்து" என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எண் பொய்யில்லை, ஆனால் அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு நீ ஒரு மெஷின் வாங்க வேண்டும். அதை ஆதாரமாகக் காட்டாதே, தர நிர்ணய ஆவணத்தையே காட்டு.

ஏஐ கொடுத்த கட்டுரைகளில் கிடைக்காத இரண்டும் பெரும்பாலும் இல்லாதவையாகத்தான் இருக்கும். அது அப்படிச் செய்யும், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் நிஜம் போலவே இருக்கும். கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண்) இணையத்தில் போட்டுப் பார், திறக்கவில்லை என்றால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடு, அப்படியும் இல்லை என்றால் தூக்கிப் போடு. கிடைத்த மூன்றையும் முழுதாகத் திறந்து படி, ஏனென்றால் கட்டுரை நிஜமாக இருந்தாலும் அது சொல்வதாக ஏஐ சொன்னது அதில் இல்லாமல் இருக்கலாம், எனக்கே அப்படி நடந்திருக்கிறது. நீ அரசுக் கல்லூரி என்பதால் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் (2025 ஜனவரியில் தொடங்கியது) பெரிய பதிப்பகங்களின் இதழ்களைக் கல்லூரி வழியாகக் காசில்லாமல் படிக்க வழி இருக்கிறது, நூலகரிடம் கேள். காசு கட்டினால் ஒரே வாரத்தில் எதையும் போட்டுவிடும் இதழ்களும் ஏராளமாக உண்டு, கட்டுரையில் சாம்பிள் எங்கே எடுத்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள் என்றே எழுதவில்லை என்றால் அதை ஒதுக்கிவிடு.

நம் ஊருக்கே உரிய ஒன்று. கட்டுரை எந்த வருடம் வெளியானது என்பதோடு சாம்பிள் எந்த வருடம் எடுத்தார்கள் என்றும் பார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் எடுத்த போர் தண்ணீர் அளவு அப்போது மக்கள் குடித்த அளவு. அதற்குப் பின் எடுத்தது போரில் இருக்கும் அளவுதான், குடிக்கும் அளவு என்று சொல்ல முடியாது, தெருக் குழாயில் காவிரி வருகிறதே. உன் தம்பி பல்லில் கோடு இல்லாததற்கு இது காரணமாக இருக்கலாம், பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீர்தான் பல்லில் தெரியும். ஆனால் "இருக்கலாம்" என்றுதான் எழுத வேண்டும். பாட்டி முட்டியைத் தயவுசெய்து ப்ராஜெக்ட்டில் சேர்க்காதே மா, வயதானவர் முட்டி வலிக்கு நூறு காரணம் உண்டு, அதைச் சொல்ல வேண்டியது எக்ஸ்ரே பார்த்த டாக்டர்.

தண்ணீர் லேப் (தருமபுரி):

நான் தண்ணீர் பரிசோதனை லேபில் டெக்னீசியனாக இருக்கிறேன். மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், எனக்குத் தெரிந்த வேலையை மட்டும் சேர்க்கிறேன்.

பிளாஸ்டிக் பாட்டிலில் எடு, கண்ணாடி வேண்டாம். அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பு. மோட்டார் போட்டதும் வருவது குழாயில் தங்கியிருந்த தண்ணீர், ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடி. பாட்டிலில் அன்றைக்கே தேதி, இடம், போர் ஆழம் எழுது, வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எது யார் வீட்டுப் பாட்டில் என்றே குழம்பிவிடும், இது நடக்காத ஆளே கிடையாது.

ஃபுளூரைடை உங்கள் லேபில் அளக்க ஸ்பாட்ன்ஸ் முறை இருக்கலாம். சிர்கோனியம் சாயத்தின் சிவப்பை ஃபுளூரைடு மங்கவைக்கும், 570 நானோமீட்டரில் கலரிமீட்டரில் பார்ப்பார்கள். அது 1.4 மி.கி. வரைக்கும்தான் நேராகப் போகும், நம் பக்கத்துத் தண்ணீர் அதைத் தாண்டினால் காய்ச்சி வடித்த நீரில் நீர்க்கச் செய்து அளந்து பெருக்க வேண்டும். படிகாரம் போட்ட தண்ணீர் என்றால் அலுமினியம் குறுக்கே வந்து அளவைக் குறைத்துக் காட்டும். ஃபுளூரைடை மட்டும் அளக்கும் மின்முனை (ஃபுளூரைடு எலக்ட்ரோடு) இருந்தால் அதுவே மேல். இரண்டும் இல்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் தரும் சீட்டையும் ஒரு ஆதாரமாகப் பார்க்க வேண்டும் தங்கச்சி, எந்த முறையில் செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் வேறு வேறு எண் போட்டுக் கொடுத்துப் பார், இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வருகிறதா என்று உனக்கே தெரிந்துவிடும். நாங்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டோம், நாங்களே தினமும் செய்வதுதான்.

அப்புறம் பாட்டியை விட்டுவிடாதே. முட்டிக்கு இல்லை, எந்தக் கிணறு எந்த வருடம் வற்றியது, எப்போது முதல் போர் போட்டார்கள், எந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று பாட்டிக்குத்தான் தெரியும். பருப்பு வேகாத தண்ணீர் கடினத்தண்ணீர், அங்கே கால்சியம் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த போரை உன் பட்டியலில் கட்டாயம் சேர்.

கேழ்வரகு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்.

தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 40 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 0.001 மோல். கரைதிறன் பெருக்கம் (கால்சியம் × ஃபுளூரைடின் வர்க்கம்) 3.5 × 10⁻¹¹ என்றால் ஃபுளூரைடின் வர்க்கம் 3.5 × 10⁻⁸, மூலம் எடுத்தால் 1.87 × 10⁻⁴ மோல், 19-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 3.6 மி.கி. வருகிறது. இன்னொரு புத்தகத்தின் 5.3 × 10⁻⁹ போட்டால் 44 மி.கி. வருகிறது! நான் படித்த மூன்று கட்டுரையிலும் அப்படி ஒரு எண் எங்கேயும் இல்லை. அப்போ 3.5 × 10⁻¹¹ தான் சரியா? ஆனால் அதுவும் ஒரு புத்தகம்தானே, எனக்குப் பிடித்த எண்ணை நானே தேர்ந்தெடுத்துக்கொள்வது மாதிரி இருக்கிறது.

பர்கூர் வாத்தியார்:

கடைசி வரியில் நீ கேட்டது ரொம்ப முக்கியம். உனக்குப் பிடித்த விடை வருகிறது என்பதற்காக எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கூடாதுதான். அதனால் இந்த இரண்டு புத்தகத்தையும் சாராத மூன்றாவது இடத்தில் போய் விசாரி. கரைதிறன் பெருக்கத்தை விட்டுவிட்டு வெறும் கரைதிறனை எடு. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கால்சியம் ஃபுளூரைடு சுமார் 16 மி.கி. கரையும் என்று தரவு நூல்களில் இருக்கும். மூலக்கூறு நிறை 78. இப்போது நீயே போடு.

கேழ்வரகு:

16-ஐ 78-ஆல் வகுத்தால் 2.05 × 10⁻⁴ மோல். கரைதிறன் பெருக்கம் நான்கு பெருக்கல் அதன் கனம் (மூன்றாம் அடுக்கு), 3.4 × 10⁻¹¹ வருகிறது. 5.3 × 10⁻⁹ உண்மையாக இருந்தால் லிட்டருக்கு 86 மி.கி. கரைய வேண்டும்!! இப்போ புரிகிறது சார்.

ஓசூர் ஆய்வு மாணவி:

இந்தக் கணக்கை அப்படியே ப்ராஜெக்ட்டில் போடு, இரண்டு புத்தகமும் என்ன சொன்னது, நீ எப்படி முடிவு செய்தாய் என்று. என் கண்ணுக்கு அந்த ஒரு பக்கம் மற்ற பதினொரு பக்கத்தைவிடப் பெரிது.

ஒரு திருத்தம் மட்டும். 3.6 என்பது அந்தத் தண்ணீரில் இருக்கும் அளவு இல்லை, இருக்கக்கூடிய உச்சவரம்பு. பாறையில் ஃபுளூரைடே குறைவாக இருந்தால் கால்சியம் எவ்வளவு குறைந்தாலும் ஃபுளூரைடு வராது. உப்பு அதிகமான தண்ணீரில் வரம்பு இன்னும் கொஞ்சம் மேலே போகும். கால்சியம் நான்கு மடங்கானால் வரம்பு பாதியாகும், 160 மி.கி.க்கு 1.8 என்று வரும். இப்படி ஒரு வளைகோடு வரைந்து அதன் மேல் உன் பத்து போரையும் புள்ளியாக வை. எந்தப் புள்ளியாவது கோட்டைத் தெளிவாகத் தாண்டினால் அந்த பாட்டிலை மறுபடி அளக்க வேண்டும்.

கேழ்வரகு:

சரிங்க அக்கா. இப்படி எழுதியிருக்கிறேன், நாளைக்குச் சாரிடம் காட்டப் போகிறேன்:

"பாப்பாரப்பட்டி அருகே ஒரே கிராமத்தின் பத்து ஆழ்துளைக் கிணறுகளில் கால்சியம் குறையும்போது ஃபுளூரைடு கூடுகிறதா? அளந்த ஃபுளூரைடு, கால்சியம் ஃபுளூரைடின் கரைதிறன் அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கிறதா?"

பாட்டியிடம் கேட்டேன், மேற்குத் தெரு கடைசி வீட்டு போர்தான் பருப்பு வேகாத தண்ணீராம், அந்த வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டேன். தெருக் குழாய்க் காவிரித் தண்ணீரையும் ஒரு பாட்டில் எடுக்கட்டுமா, இல்லை அது கேள்விக்கு வெளியே போய்விடுமா?

தண்ணீர் லேப் (தருமபுரி):

எடு. அது உன் பத்தில் சேராது, தனியாக ஒப்பிட வைத்துக்கொள். ஆனால் அதற்கு முன்னால் டேங்க் ஆபரேட்டரிடம் கேள், மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் ஏற்றுகிறார்களா என்று. ஏற்றினால் அது காவிரித் தண்ணீர் என்று பாட்டிலில் எழுத முடியாது. காய்ச்சி வடித்த நீரும் ஒரு பாட்டில் சேர்த்துக்கொள், அதில் ஃபுளூரைடு காட்டினால் கோளாறு நம் பக்கம்.

கேழ்வரகு:

கேட்டேன் அண்ணா. கோடையில் மட்டும் ஏற்றுவார்களாம், இப்போது இல்லை. தேதி போட்டு எழுதிவைத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் தம்பியும் பாட்டில் தூக்க வருகிறான்.